முகட்டில் மிச்சமிருந்த வாசோங்

தேகு நகரத்து ஆஸ்பத்திரியில் நன்ஹியின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றையும் எடுக்காமல் அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். சுங்மோ பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியை அவள் பிறந்த வீட்டுக்கே கூட்டி வந்தான். மலையடிவாரத்து அந்த ஊரில் பழைய ஓட்டு வீடு என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் எப்போதோ தகரத்துக்கு மாறி, நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிவிட்டார்கள்.

அந்த ஓட்டுக்காகத்தான் வந்தான். அதன்மேல் வாசோங் இருந்தது. ஓட்டு இடுக்கில் தேங்கிய துளி மண்ணில் முளைத்து, பைன் கூம்பு போல நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைச் செடி. கட்டியைக் கரைக்கும் என்று ஊர் நம்பியது. கோடை முழுவதும் மாமியார் மூங்கில் கழியால் தாழ்வாரத்துப் பக்கச் செடிகளைத் தட்டி எடுத்து, தயிர் விட்டு அரைத்து, காலையும் மாலையும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். நன்ஹி முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு சுளிக்கக்கூடத் தெம்பில்லாமல் குடித்தாள்.

கழிக்கு எட்டியதெல்லாம் தீர்ந்தபின் சுங்மோ சந்தையில் வாங்கினான். மூலிகைக் கடைக்காரன் கட்டிக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னான்.

"இது பிளாஸ்டிக் கொட்டகையில குழாத்தண்ணி குடிச்சு வளந்தது வாத்தியாரே. பாக்க கொழுகொழுன்னு இருக்கும், மாமனார் வீட்டோட தங்கின மாப்பிள்ளை மாதிரி. வேலைக்கு ஆகாது."

"வேற எது ஆகும்?"

"உங்க மாமனார் வீட்டு முகட்டுல இருக்கே, அது. வெயிலும் பனியும் தின்னு வளந்தது. ஆனா பூக்கறதுக்குள்ள எடுத்துடணும். பூத்துட்டா இருக்கிற சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துட்டு செடி செத்துடும்."

போன வருடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சுங்மோ மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நன்ஹியிடம் சொல்லிச் சிரித்திருப்பான். இப்போது வீட்டுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தான். முகட்டோரம் வெள்ளையாகத் தெரிந்தது. பூவா, வெயிலா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை முட்டைக்கோஸ் பாத்தியில் முதல் உறைபனி விழுந்திருந்தது. மாமியார் முள்ளங்கி கழுவ ஓடைக்குப் போனாள். நன்ஹி கண் மூடிக் கிடந்தாள். சுங்மோ ஏணியை எடுத்துச் சாத்தினான். செடியைப் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைத் துணியை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டான். அவளுடைய மேல்சட்டை அது. அவன் கவனிக்கவில்லை.

ஓடுகள் காலடியில் அசைந்தன. ஒன்று விரிசல் விட்டது, ஒன்று நழுவி முற்றத்தில் விழுந்து உடைந்தது. தவழ்ந்துதான் ஏறினான். பாதி தூரத்தில் முதல் செடி கிடைத்தது. அடியிலிருந்து நுனிவரை பூத்து முடித்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது தொட்டதும் வைக்கோல் போலச் சாய்ந்தது. ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்த்தான். ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது என்று முணுமுணுத்தபடி முழங்கால் தோல் உரிய முகட்டுக்கு வந்து சேர்ந்தான்.

முகட்டுக்கு அந்தப் பக்கம், வடக்குச் சரிவில், நிழலில் பிந்தி வளர்ந்த ஒரு கூட்டம் இருந்தது. பூக்காதவை. குளிருக்கு இலையைக் குவித்துக்கொண்டு, பொத்திய குழந்தைக் கை மாதிரி.

இரு கையாலும் பறித்து முகட்டு ஓட்டின்மேல் குவித்தான். இடுப்புத் துணியை அவிழ்த்து, எழுந்து நின்று, கழுத்துப் பக்கம் ஒரு கையிலும் ஓரம் மறு கையிலுமாகப் பிடித்துத் தூசி போக உதறினான். சந்தோஷம் தாங்கவில்லை. உரக்கக் கத்தினான்.

"நன்ஹி..."

கீழே சந்தில் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு உல்ஜின்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கூடை விழுந்தது.

"ஐகோ, நன்ஹி, போயிட்டியா தாயீ, இந்தச் சின்ன வயசுல போயிட்டியா..."

அவள் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். சுங்மோ கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தான். அப்போதுதான் புரிந்தது. அந்த ஊரில் ஒருவர் மூச்சு நின்றவுடன் அவருடைய மேல்சட்டையை எடுத்துக்கொண்டு முகட்டில் ஏறி, வடக்கே பார்த்து, பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார்கள். போகிற உயிர் திரும்புமா என்று பார்ப்பார்கள். மூன்றாவதுக்கும் திரும்பாவிட்டால் அது சாவு வீடு.

பதறிப்போய்க் காலை நகர்த்தினான். குவியலில் இடித்தது. செடிகள் வடக்குச் சரிவில் உருண்டு, மதிலைத் தாண்டி, பின்பக்கச் சாக்கடைக்குள் போய்விட்டன. ஒன்றுகூட நிற்கவில்லை.

வாசலில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஓடைப் பக்கமிருந்து மாமியார் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, கையில் முள்ளங்கியோடு முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"அத்தை, இல்ல... அத்தை, அவ தூங்குறா," என்று மேலிருந்து சுங்மோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

அறைக்கதவு விலகியது. நன்ஹி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நாளாக எழுந்திராதவள்.

"உல்ஜின் அத்தை, நல்லாத்தான் அழறீங்க," என்றாள். "கொஞ்சம் மிச்சம் வைங்க."

உல்ஜின்காரம்மா அழுகையை விழுங்கினாள். "நான் என்னத்தக் கண்டேன்? ஆம்பள முகட்டுல ஏறி, பொண்டாட்டி சட்டைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு பேரச் சொல்லிக் கூவினா, ஊரு என்னன்னு நெனைக்கும்? படிச்ச மனுஷன் பண்ற காரியமா இது?"

நன்ஹி இரண்டடி வெளியே வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"அங்க என்னங்க பண்றீங்க?"

"பூக்காதது இருந்துது. இப்ப... கீழ விழுந்துடுச்சு."

மாமியார் அதைக் கேட்டதும் எழுந்தாள். பின்பக்கம் ஓடினாள். உல்ஜின்காரம்மாவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். சாக்கடையைக் கையால் துழாவும் சத்தம் கேட்டது.

"கூப்பிட்டது தூக்கத்துல அரைகுறையாத்தான் காதுல விழுந்துது," என்றாள் நன்ஹி. "இன்னொரு தடவ கூப்பிடுங்க."

"கீழ வந்து கூப்பிடறேன்."

"அங்கேருந்தே. அன்னைக்குக் கூப்பிட்டா எனக்குக் கேக்காதில்ல."

வாசலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சுங்மோ அவள் பக்கம் திரும்பினான். சொன்னான்.

"நன்ஹி."

"ம். இருக்கேன்." அவள் மூச்சு வாங்கினாள். "இன்னும் ஒண்ணு பாக்கி."

அவன் அவளுடைய மேல்சட்டையைச் சுருட்டித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். முகட்டில் கால் போட்டு உட்கார்ந்தான்.

"உள்ள போ. குளிருது."

"கூப்பிடுங்க."

"உள்ள போன்னு சொல்றேன்ல."

அவள் போகவில்லை. அவன் கூப்பிடவுமில்லை.