முதல் பாட்டு சின்னப்பர் மேல

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஜெயவேலுவின் இசைத்தட்டுக் கடையில், எங்கள் தட்டு மாதா பாட்டுகளுக்கு நடுவே நின்றது. குழுவுக்கு 'கேம்ப் ரோடு' என்று பெயர் வைத்து, நாட்டுப்பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் சேர்த்து, இரண்டு வருஷம் மாடாய் உழைத்து எழுபத்து நாலில் கொண்டுவந்த முதல் எல்.பி. அட்டையில் 'கரையேறு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அதுவே வினையாயிற்று.

"இது சாமி பாட்டு இல்லங்க," என்றேன்.

"பேரப் பாருங்க சார். கிட்டார் லாசரஸ், டிரம் சாலமோன். முதல் பாட்டே சின்னப்பர் மேல. வேற எங்க வெக்கறது? இங்க வெச்சாதான் போவுது."

போயிற்று என்பதுதான் கொடுமை. கத்தோலிக்கர்கள் புனித பவுலைச் சின்னப்பர் என்பார்கள். கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தவர். எங்கள் சின்னப்பன் அனகாபுத்தூரில் தறி நெய்தவன். முந்தின வருஷ மழையில் அடையாற்று வெள்ளம் அவனைக் கொண்டுபோனது, உடல்கூடக் கிடைக்கவில்லை. அவனுடைய அக்கா கன்னியம்மா கரையில் நின்று அவனைக் கூப்பிட்டதைத்தான் பாட்டாக்கியிருந்தோம். பாடியதும் அவரேதான்.

"எந்தம்பி பேர மாத்தக் கூடாது சார். பிளேட்டுல அவன் இருக்கணும்." அவர் கேட்டது அது ஒன்றுதான். ஸ்டூடியோவில் இன்னொரு டேக் கேட்டபோது, "ரெண்டாவது தபா வராது," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு பத்திரிகை, 'பக்தி ரசம் சொட்டுகிறது. கிட்டாரைச் சற்று அடக்கியிருக்கலாம்' என்று விமரிசனம் எழுதியது. சாலமோனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எப்டியோ கேக்கறாங்க இல்ல மச்சான், வுடு," என்றான். எனக்கு எரிச்சலில் சோறு இறங்கவில்லை. அந்த அக்காவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

ஜனவரியில் சேலையூர்ப் பக்கம் ஒரு கோயிலில் சின்னப்பர் திருநாள். பாடல் தாளில் எங்கள் பாட்டை அச்சடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பொறுக்க முடியவில்லை. கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாயாலேயே ஃபாதரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், ஃபாதர் அதை மைக்கில் அறிவிக்க வேண்டும் என்பது என் திட்டம்.

நாங்கள் நுழையும்போதே ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. இருநூறு பேர், சுருதி பிசகாமல், "சின்னப்பா, கரையேறு" என்று பாடினார்கள். நாங்கள் பாடுபட்டுச் சேர்த்த தாளம் ஒன்றுகூட அதில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தேன். கன்னியம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"இவங்க சின்னப்பரும் தண்ணிலதான் பூட்டாரா சார்?"

"கப்பல் ஒடஞ்சி போச்சிக்கா."

"கரையேறிட்டாரா?"

"ஏறிட்டாரு."

"கூட இருந்தவங்க?"

வேதத்தில் அந்தப் பகுதி எனக்கு மனப்பாடம். "எல்லாரும் ஏறிட்டாங்க," என்றேன்.

"அப்ப இரு சார். பாடட்டும்."

அவர் பாடவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். இருநூறு குரலும் சேர்ந்து அந்தப் பெயரைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும், திரும்பி வாசலைப் பார்த்தார்.