நாற்பத்திரண்டு பேரும் நடந்தே போவார்கள்

1

முதலில் ஒப்புக்கொள்கிறேன்: இது கதையாகத் தொடங்கியதல்ல. 2001இல் செங்கல்பட்டு மாலை வகுப்பில் புள்ளியியல் படித்தபோது எழுதிய நாட்குறிப்பின் மூன்று பக்கங்கள். கணக்கு தப்பியதால் கதை என்கிறேன்.

முதல் வரைவு: கடற்கரையில் சூரியன் மெல்ல—

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாம் வரைவு: திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஓடிய மினி பஸ்ஸின் முதலாளி அப்பாசாமி, நாலு ரூபாய் டிக்கெட்டை ஐந்தாக்க நினைத்தார். (அழகில்லை. இருக்கட்டும்.)

2

"நாலு ரூபா டீசலுக்கே பத்தல. அஞ்சாக்கி, கூட்டம் கொறஞ்சா வண்டிய வித்துடுவேன்," என்றார் அப்பாசாமி. "நீதான் படிக்கிறியே நைனா, எத்தினி பேரு ஏறுவாங்கன்னு கணக்குப் போடு."

கண்டக்டர் ராஜாராம் என்னைத் தனியே இழுத்தான். "மச்சான், பாத்துப் போடு. பொண்ணு வூட்ல கண்டக்டர் மாப்ளன்னு பத்திரிகை அடிச்சிட்டாங்க. வண்டி பூட்ச்சின்னா கண்ணாலமும் பூடும்."

(இங்கே ராஜாராமுக்குச் சோகமான கண்கள் கொடுத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் அப்போது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.)

3

முறைப்படி செய்தேன். காலை டிரிப்பில் நாற்பத்திரண்டு பேரிடமும் ஒரே கேள்வி: டிக்கெட் ஐந்து ரூபாயானால் ஏறுவீர்களா?

"அஞ்சா? நடந்தே பூடுவேன்," என்றார் முனியம்மா. பதினான்கு கிலோமீட்டர். அவர் போய்க்கொண்டிருந்ததே முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள.

நாற்பத்திரண்டு பேரும் நடப்பதாகச் சொன்னார்கள். டிக்கெட் பையோடு ராஜாராமைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு கேட்டிருக்கிறேன்; கண்டக்டர் காதுபட யார் ஐந்துக்குச் சம்மதிப்பார்கள்? வீட்டுக்குப் போன பிறகுதான் இது உறைத்தது.

மறுநாள் அவனைப் பின்பக்கம் அனுப்பிவிட்டுக் கேள்வியை மாற்றினேன்: பக்கத்து சீட்டுக்காரர் ஏறுவாரா?

"அவளா? அவளுக்கு இன்னா, பத்து ரூபான்னாலும் ஏறுவா," என்றார் முனியம்மா.

பக்கத்தில் இருந்த கல்யாணி எழுந்துவிட்டார். "யாரடி சொல்ற? முந்தானைல காச முடிஞ்சி வெச்சிகினு நடக்கறேன்னு சொன்னவதான நீ?"

சண்டையை விலக்க வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் விடை கிடைத்தது: எல்லோருடைய பக்கத்து சீட்டுக்காரரும் ஏறுவார்.

அப்பாசாமி இரண்டு தாள்களையும் பார்த்தார். "இன்னா நைனா, ஒண்ணுல வண்டி காலி, ஒண்ணுல வண்டி ஃபுல்லு?"

"சராசரி எடுக்கலாம். இருபத்தோரு பேர்."

"எந்த இருபத்தோரு பேரு?"

புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

4

முடிவு அ: கூட்டம் அலைமோதுகிறது. ராஜாராம் கல்யாணத்துக்கு எல்லோரும் அதே வண்டியில். (இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: வண்டி விற்கப்பட்டு, ராஜாராம் தெருவில்— மன்னிக்கவும், பத்திரிகை அடித்தாகிவிட்டது. என்னால் முடியாது.

நடந்ததையே எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை, டிக்கெட் ஐந்து ரூபாய். வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். நடக்கவில்லை, ஏறவும் இல்லை. எல்லோரும் நடப்பதாக ஊரறியச் சொன்னவர்கள்; முதலில் ஏறுகிறவருக்குத்தான் மானம் போகும். ராஜாராம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறான்.

முனியம்மா என் பக்கம் திரும்புகிறார். "எல்லாரையும் கேட்டியே கணக்கு, ஒன்ன யாராவது கேட்டாங்களா? நீ ஏறுவியா?"

உண்மைதான். என் பட்டியலில் நான் இல்லை. சட்டைப்பையில் ஐந்து ரூபாய் இருக்கிறது, ஆனால் அது சாயங்காலம் வகுப்புக்குப் போக—

வலது காலைப் படியில் வைத்திருக்கிறேன். இடது கால் இன்னும் தரையில். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், விசிலோடு ராஜாராமும். இதற்குமேல் நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். இடது காலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.