இடக்கண் சொன்ன சாட்சி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால் என் இரண்டு கண்ணும் அவிந்துபோகட்டும்.

மகள் ஒரு தெர்மோகோல் பெட்டியை, இறந்துகிடந்த அப்பாவின் தலைமாட்டில் வைத்து, மேலே ஒட்டியிருந்த தாள் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்படி திருப்பினாள். 'இடக்கண்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கண் வங்கிக்காரர்கள் காலையிலேயே வந்துபோயிருந்தார்கள். அப்பாவின் இமைகளுக்கு மேல் பஞ்சு இருந்தது.

"முதலாளி வர்றானா?" என்றார் சித்தப்பா.

"தெருமுனையில கார் நிக்குது. பூ வாங்குறாராம்."

"இப்ப பூ வாங்கத் தெரியுது. அன்னிக்கு ஒரு கண்ணாடி வாங்கத் தெரியல."

அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்காரர். உலைக்கதவின் துளை வழியே உருகும் கண்ணாடியின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்வது அவர் வேலை. அந்தத் துளையில் சுருட்டைக் காட்டினால் பற்றிக்கொள்ளும், தாமதித்தால் மீசையும். வெறுங்கண்ணால்தான் பார்த்தார், அதுவும் இடக்கண்ணால். வலக்கண்ணை மூடி மூடிப் பழகியதில், வீட்டிலும் அதைத் திறக்க மறந்துவிடுவார். அண்ணியை அவர் முழுசாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்பார் சித்தப்பா.

இடக்கண் வெளுத்துப்போனபோது முதலாளி, "வயசாச்சு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த 'வயசாச்சு'வை அப்பா மன்னிக்கவே இல்லை. தினமும் செய்தித்தாளின் இரங்கல் பக்கத்தை மட்டும் பொடி எழுத்துகூட விடாமல் வாசிப்பார். முதலாளி படம் இல்லாத நாளெல்லாம் காப்பி கசந்தது.

"அவன் எனக்கு முன்னாடி போகமாட்டான் போலிருக்கு," என்றார் நேற்று மாலை. "நான் போனா வருவான். நாலு பேர் பார்க்கணுமே. அவன் வாயாலயே சொல்ல வை."

"எப்படிப்பா?"

"உன் தராசு எதுக்கு இருக்கு?"

தராசு என்றது அவள் ஆய்வகத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை. புரதத் துணுக்குகளை எடை போடும் இயந்திரம் அது.

முதலாளி கறுப்புக் கண்ணாடியோடும் பூவோடும் வந்தார். "நல்ல உழைப்பாளி. என்ன பண்றது, வயசு யாரை விடுது," என்றவர் பெட்டியைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"சாட்சிங்க."

"என்ன சாட்சி?"

"கண்ணு லென்ஸ்ல இருக்கிற புரதம் பொறந்ததுலேர்ந்து மாறவே மாறாது. வாங்கின அடி எல்லாம் அதுலயே தங்கிடும். ஒரு ஆக்சிஜன் ஏறினா பதினாறு எடை கூடும். எங்க மெஷின் காட்டிக் கொடுத்துடும்."

"வயசானா யாருக்கும் ஏறுமே."

"ஏறும். ரெண்டு கண்ணுலயும் ஒண்ணுபோல ஏறும். இவர் வலக்கண்ணை மூடிட்டுத்தான் உங்க உலையைப் பார்த்தாரு. இடக்கண்ணுல மட்டும் ஏறியிருந்தா அது யாரோட வயசுங்க?"

பழைய உலைக்காரர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முதலாளி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"சாயங்காலம். நீங்களே சொல்லிட்டா மெஷினுக்கு வேலை மிச்சம்."

அவர் உதடு அசைந்தது.

"சத்தமா சொல்லுங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"கறுப்புக் கண்ணாடி கொடுக்கணும்னு அப்பவே சொன்னாங்க. நிறம் சரியாத் தெரியாது, சரக்கு கெட்டுடும்னு நான்தான் வேண்டாம்னேன். வயசு இல்ல. உலைதான்."

சித்தப்பா காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "எனக்கும் கேக்கல."

முதலாளி இன்னொரு தரம் சொன்னார். மகள் அப்பாவின் காதைக் காட்டினாள். குனிந்து அங்கேயும் சொன்னார். பிறகு யாரையும் பார்க்காமல், சுவரைத் தடவியபடி வெளியே போனார்.

அவருடைய கறுப்புக் கண்ணாடி பெட்டியின் மேலேயே கிடந்தது. மகள் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, அப்பாவின் பஞ்சு வைத்த கண்களுக்கு மாட்டிவிட்டாள். சற்றுக் கோணலாக இருந்ததை நேராக்கினாள்.

அப்பாவுக்கு வேலை போன வருடமே மகள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இடக்கண்ணின் லென்ஸை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் லென்ஸ் வைக்கச் செய்திருந்தாள்.