கை மாறாத ஒட்டியாணம்

அரீஃபா மஹ்ஜூபா மெத்தையின் தையலைப் பிரித்து, உள்ளே கையை விட்டு ஒரு கொத்துக் கம்பளியை உருவினாள். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"கம்பளி நல்லதுதான். பஞ்சு கலக்கல. எழுதிக்குங்க," என்று விலையைச் சொன்னாள்.

பத்தூல் கூடத்து மூலையில் தேநீர்த் தட்டோடு நின்றாள். அந்த மெத்தையில்தான் உம்மா கடைசி மூச்சை விட்டாள். நாற்பதாம் நாள் சாப்பாடு ஆக்கிய சட்டிகள்கூட இன்னும் எடுத்து வைக்கப்படவில்லை. அதற்குள் மூத்தவன் தய்யிப் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய், பத்திர எழுத்தர்கள் இருவரையும், பெண்களின் பண்டங்களுக்கு விலை சொல்லும் இந்த அரீஃபாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். சரி, அளக்கட்டும். உம்மா படுக்கையில் கிடந்தபோது அவளுக்கு எத்தனை வாய் கஞ்சி இறங்கியது என்று அளக்க இவர்களில் ஒருத்தனாவது வந்தானா?

மெக்னேஸ் பழைய நகரத்தின் அந்த வீடு உம்மாவின் பெயரில் இருந்தது. விற்பதென்று முடிவாகிவிட்டது. மகன்களுக்கு இரண்டிரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. அது இறைவன் வகுத்த கணக்கு, அதில் பத்தூலுக்கு வழக்கே இல்லை. ஆனால் சுவரெல்லாம் விரிசல் விட்ட அந்த வீட்டை வாங்க வருகிறவன் கேட்கும் விலையில், அவள் பங்கு ஒரு வருஷ வாடகைக்குத் தாங்கினால் அதிகம். அவள் நம்பியிருந்தது ஒரே ஒரு பொருளை. உம்மாவின் தங்க ஒட்டியாணம். அது கைக்கு வந்தால் பின்தெருவில் பார்த்து வைத்திருக்கும் இரண்டு அறையைத் தனக்கென்று வாங்கி, தையல் மெஷினைப் போட்டுப் பிழைத்துக்கொள்வாள். வராவிட்டால் தய்யிப் வீட்டு அடுப்படியில் அண்ணியின் ஏச்சுக்குக் கீழே ஒரு பாய். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

"கெட்டிலையும் எழுதணும்ல?" என்றான் இளையவன் முனீர். வெள்ளி முலாம் பூசிய தேநீர்க் கெட்டிலை அவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்னோடது. நான் தைச்ச காசுல வாங்கினது," என்றாள் பத்தூல்.

தய்யிப் தொண்டையைச் செருமினான். "உம்மா வீட்டுல இருக்கறதெல்லாம் உம்மாவோடதுதான். ரசீது இருந்தா காட்டு தங்கச்சி, விட்டுடலாம்."

"முதல்ல டீயைக் குடிச்சு முடிங்க அண்ணே. அந்தக் கெட்டில்ல போட்டதுதான் அது."

அரீஃபா சிரிப்பை முக்காட்டு நுனியால் மறைத்தாள். தய்யிப் டீயையும் குடித்தான், கெட்டிலையும் எழுத வைத்தான். வெட்கம் என்ற சமாசாரமே அந்த மனுஷனுக்கு எட்டாத தூரம்.

பிறகு உம்மாவின் மரப்பெட்டி கூடத்துக்கு வந்தது. உம்மா உயிரோடு இருந்தவரை அதன் சாவி அவள் கழுத்துக் கயிற்றிலேயே கிடக்கும். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் அதை அவிழ்த்து, மூத்த மகன் என்று தய்யிப் கையில் கொடுத்திருந்தார்கள். அவன் திறந்தான். மேலே விசேஷத்துக்குப் போடும் நீள அங்கிகளான கஃப்தான்கள், அதற்குக் கீழே லவங்கம் போட்டு மடித்த போர்வை, அதற்குள் ஒட்டியாணம். அகலமான பழைய வேலைப்பாடு. அரீஃபா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தராசை எடுத்தாள்.

"அதை நிறுக்காதீங்க லல்லா," என்றாள் பத்தூல் அரீஃபாவிடம், மரியாதையாக. "அது சொத்துல சேராது. உம்மா எனக்குக் குடுத்தது."

எழுத்தர்களில் பேசுகிறவர் மக்கி, மரியாதைக்குச் சிதி மக்கி. வயதானவர், கண்ணியமான மனுஷர். மற்றவர் எழுதுவதோடு சரி. மக்கி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "வாரிசுக்கு உயில் எழுதினா செல்லாதும்மா. தெரியுமில்ல?"

"உயில் இல்ல சிதி. நல்லா நடமாட்டமா இருந்தப்போ, பெருநாள் அன்னிக்கு, இதே கூடத்துல. 'நான் போயிட்டா இவனுங்க உன்னை நடுத்தெருவுல விட்டுடுவானுங்க, இதை இன்னிக்கே வெச்சுக்கோ'ன்னு என் கையில குடுத்தாங்க. அண்ணனும் இருந்தார், தம்பியும் இருந்தான்."

"நிசமா?" என்று மக்கி தய்யிப்பைக் கேட்டார்.

பத்தூல் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். இல்லையென்று சாதிப்பான், தான் முனீரை இழுக்க வேண்டும், முனீர் மென்று விழுங்குவான் என்றுதான் எத்தனையோ நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யோசித்து வைத்திருந்தாள்.

"நிசம்தான்," என்றான் தய்யிப். "என் கண்ணு முன்னாலதான் குடுத்தாங்க. அல்லாஹ்வுக்குப் பயந்தவன் நான், எதுக்குப் பொய் சொல்லணும்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன் என்று மனசு இளகியது. கெட்டிலுக்காகக் குத்திப் பேசியதுகூட வெட்கமாக இருந்தது. பாவி, அங்கேதான் ஏமாந்தாள்.

"மிச்சத்தையும் சொல்லு தங்கச்சி," என்றான் தய்யிப் கனிவாக. "நாற்பதாம் நாளுக்கு வந்த பொம்பளைங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதியே. நல்ல விஷயம்தானே, இவங்களும் கேட்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும். பத்தூல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையாகவே சொன்னாள்.

"குடுத்து ரெண்டே நாள்ல எதிர்வீட்டுல கல்யாணம் சிதி. உம்மா கஃப்தானைப் போட்டுக்கிட்டாங்க. இடுப்பைத் தடவிப் பார்த்தாங்க. வாயைத் திறந்து ஒண்ணும் கேட்கல. ஆனா எனக்குத் தெரியாதா? வெறும் இடுப்போட போய் நின்னா, உசுரோட இருக்கும்போதே மக உரிச்சுட்டான்னு தெருவே பேசும். அவங்களுக்கு அந்தக் குறை எதுக்கு? நானே எடுத்துட்டு வந்து கட்டிவிட்டேன். 'உங்க பெட்டியிலேயே இருக்கட்டும்மா, உங்க காலத்துக்கு அப்புறம் நான் எடுத்துக்கறேன்'னு சொன்னேன். என் நெத்தியில முத்தம் குடுத்தாங்க."

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. மக்கி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ சரியில்லை என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"அப்புறம் அது உன் பொறுப்புக்குத் திரும்பி வந்துச்சாம்மா?"

"இல்ல சிதி. பெட்டியிலதான் இருந்துச்சு."

"சாவி?"

"உம்மா கழுத்துல."

மக்கி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கொடைன்னா கை மாறணும்மா. குடுத்தவங்க நல்லா இருக்கும்போதே மாறி, வாங்கினவங்க கையிலேயே ஒரு வருஷமாவது நிக்கணும். குடுத்தவங்ககிட்டயே ரெண்டு நாள்ல திரும்பிப் போய், மவுத் வரைக்கும் அங்கேயே இருந்தா அது கொடையா நிக்காது. செத்தவங்க சொத்துலதான் சேரும். இது நான் போட்ட சட்டம் இல்ல."

"ஆனா அண்ணனே சொன்னாரே, குடுத்தாங்கன்னு."

"குடுத்ததை யாரு இல்லேன்னா?" என்றான் தய்யிப். "நீ வாங்கிக்கலையே, அதுதானே பேச்சு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவன் முன்னாலேயே யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். உண்மையைச் சொல்லி அல்லாஹ்விடம் நல்ல பெயர், அவள் வாயாலேயே அவளைக் கவிழ்த்துத் தங்கத்துக்கும் வழி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவளுக்கு அவனைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"முனீரு, நீ சொல்லேன்டா," என்றாள். முனீர் தேநீர்க் கிளாஸின் அடியில் கிடந்த புதினா இலையை விரலால் நோண்டிக்கொண்டிருந்தான். "எனக்கென்ன சட்டம் தெரியும் அக்கா," என்றான்.

மக்கி மெதுவாகச் சொன்னார்: "இவர் இன்னும் எழுதல. துக்கத்துல இருக்கற, நினைவு முன்னப்பின்ன இருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அந்தக் கல்யாணம் முடிஞ்சதும் அதை நீ திரும்ப வாங்கி உன் அறையில வெச்சுக்கலையா?"

கிழவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு 'ஆமாம்' போதும். இரண்டு அறை, ஒரு தையல் மெஷின், யாரிடமும் ஏச்சு வாங்காத சோறு. உம்மா ஆசைப்பட்டதும் அதுதானே?

"நல்லா யோசிச்சுக்கோ தங்கச்சி," என்றான் தய்யிப். "பெரிய பள்ளிவாசல் பக்கத்துலதான் இருக்கு. அங்க வந்து சத்தியம் பண்ணு. நான் மறுபேச்சுப் பேசாம விட்டுட்டுப் போறேன்."

அவளை அவனுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னான். பத்தூல் நினைத்துப் பார்த்தாள். பொய்ச் சத்தியம் செய்து வாங்கிய தங்கத்தில் ஒரு கூரை, அதன் கீழ் உம்மாவுக்காகத் தொழுகை. அந்தத் தொழுகை யாருக்குப் போய்ச் சேரும்?

"இல்ல சிதி," என்றாள். "திரும்ப வாங்கல. எழுதிக்குங்க."

மக்கி தலையைக் குனிந்துகொண்டார். பேனா ஓடியது. அரீஃபா ஒட்டியாணத்தை நிறுத்து, அன்றைய தங்க விலையில் கணக்குப் பார்த்து, திர்ஹமில் சொன்னாள். வேலைப்பாட்டுக்கு விலை உண்டா என்று முனீர் கேட்டான். பழைய நகைக்கு எடைதான் விலை என்றாள். தய்யிப், "எம் பங்குல கழிச்சுக்குங்க. எம் பொண்ணு நுஹா கல்யாணத்துக்கு ஆகும்," என்றான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்கு வாய்வரை வந்ததை இவளே எடுத்து இன்னொருத்தி தட்டில் வைத்திருக்கிறாள், அதுவும் அன்பாக.

வந்தவர்கள் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது தய்யிப் போர்வையோடு ஒட்டியாணத்தைச் சுருட்டி எடுத்துவந்து பத்தூலின் கையில் வைத்தான்.

"என் வீட்டுல வெள்ளையடிக்கறானுங்க. கண்ட ஆளும் வந்து போற இடம். கல்யாணம் வரைக்கும் இது உன்கிட்ட இருக்கட்டும். உன்னை விட்டா நான் வேற யாரை நம்புவேன்?"

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மனசார நம்பித்தான் சொன்னான்.

பத்தூல் அந்தக் கனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சிதி மக்கி, கொஞ்சம் நில்லுங்க. லல்லா, நீங்களும் பார்த்துக்குங்க. அண்ணன் இதை என் கையில குடுக்கறார். கை மாறுது."

தய்யிப்பின் முகம் கறுத்தது. "ஏய், என்ன பேச்சுப் பேசற? பத்திரமா வெச்சிருக்கத்தானே குடுக்கறேன். உனக்கே எடுத்துக்கோன்னா குடுத்தேன்?"

"நானும் உம்மாகிட்ட அதுக்குத்தானே அண்ணே குடுத்தேன்."

அரீஃபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மக்கி கையெழுத்தான தாள்களை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். தய்யிப் அவள் கையிலிருந்து சுருட்டைப் பிடுங்கி மேலே போட்டிருந்த ஜில்லாபா அங்கிக்குள் திணித்துக்கொண்டு, அவர்களை இடித்துத் தள்ளாத குறையாக வெளியே போனான். வெள்ளையடிக்கிற ஆட்களைப் பற்றிய கவலை அதற்குள் அவனுக்குப் போய்விட்டது போலும்.

பத்தூல் கூடத்துக்குத் திரும்பினாள். பிரித்த தையல் வழியே மெத்தையிலிருந்து கம்பளி பிதுங்கிக்கொண்டிருந்தது. முனீர் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இன்னும் ஒரு கிளாஸ் டீ இருக்கா?"

அவள் கெட்டிலைத் தூக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"அஞ்சுல ரெண்டு பங்கு உன்னோடதுடா. நீயே ஊத்திக்கோ."