காது தெரிய வேண்டும்

டயர் கடைக்கு மேல்மாடியில் கூடும் சபையில் யார் ஞானஸ்நானம் எடுத்தாலும், அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவருடைய வலது காது மாறிவிடும். புத்தகத்தின் மூலையை மடித்து வைத்தாற்போல் மேல்விளிம்பு உள்ளே சற்று மடங்கும். மடலில் கடுகளவு ஒரு குழி விழும். பால்காரருக்கும் வங்கி மேலாளருக்கும் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கும் அதே காதுதான். இடது காது அவரவர் பெற்றோர் கொடுத்தபடியே இருக்கும். வலி கிடையாது, கேட்பது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இதை முதலில் கண்டுபிடித்தவர் முடிவெட்டுகிறவர். ஒரே தலையைத்தான் திரும்பத் திரும்ப வெட்டுகிறோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாஸ்டர் ஆடிப்போனார். ஆவிக்குரிய ஆசீர்வாதங்கள் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் தனக்குப் பாடம் நடத்தினார்கள், தெரிந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரவில்லை என்றார். கடவுள் நம்மைத் தம் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொள்கிறார் என்று வாரம் தவறாமல் பிரசங்கித்தவரும் அவர்தான். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஜாடை இருக்கத்தானே செய்யும் என்று சபையார்தான் அவரைத் தேற்றினார்கள். ஓரிரு வருடத்தில் அது பேச்சாகவே இல்லாமல் போயிற்று.

ஸ்டூடியோ அக்காவும் அவள் கணவரும் ஒரே நாளில் அந்தக் காதைப் பெற்றவர்கள். அக்காவுக்குப் புகைப்பட நிலையத்தில் வேலை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களிடம் காது தெரிய வேண்டும், முடியை ஒதுக்குங்கள் என்று சொல்லிச் சொல்லி, மனிதர்களை முகத்தைவிடக் காதை வைத்தே அதிகம் அடையாளம் காண்பவள். இனி நாம் சண்டை போட்டால் அண்ணன் தங்கச்சி தகராறு என்று யாரும் விலக்கிவிட வரமாட்டார்கள் என்று கணவர் கிண்டல் செய்வார். அவர் தூங்கும்போது அந்த மடிப்பை நீவி நிமிர்த்திப் பார்ப்பது அக்காவுக்குப் பழக்கம். விட்டவுடன் அது மறுபடி மடங்கிக்கொள்ளும்.

கணவரைக் கொன்றது ஒரு துண்டு வயர். அவர் வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் பழுதானது. பழுதுபார்க்க வந்த மெக்கானிக், கதவு திறந்திருக்கும்போதும் லிஃப்டை ஓட்டிப் பார்ப்பதற்காகக் கதவுப் பூட்டின் இரண்டு முனைகளையும் வயரால் இணைத்தான். வேலை முடிந்ததும் அதை எடுக்க வேண்டும். அடுத்த இடத்திலிருந்து போன் மேல் போன் வந்ததில் எடுக்காமல் போய்விட்டான். கணவர் ஒரு காலை உள்ளே வைத்தபோது, கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே ஏறியது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அக்கா கடைசியாகத் தொட்டது அந்தக் காதைத்தான். மெக்கானிக் சிறைக்குப் போனான். வெளியே வந்தபின் லிஃப்ட் பக்கமே போகாமல், மீனும் பட்டாணியும் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கினான். ஒரு மழைக்காலம் முழுவதும் சபையின் மாடிப்படியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு ஒருநாள் மேலே ஏறி வந்து ஞானஸ்நானம் கேட்டான்.

பாஸ்டர் சபையைக் கூட்டினார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சாச்சு மன்னிச்சாச்சுன்னு சொல்றீங்க. செத்தது என் வீட்டுக்காரர். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா கடவுள்? தண்ணில முக்குங்க, நான் தடுக்கல. ஆனா அந்தக் காது அவனுக்கு வந்துச்சுன்னா, என்னோடதை நானே நறுக்கி எறிஞ்சிடுவேன்."

அது வாய்ப்பேச்சு என்று யாரும் நினைக்கவில்லை. அளவுகோல் வைக்காமலே கத்தரியால் படங்களை நேர்கோட்டில் வெட்டுகிறவள் அவள். பாஸ்டர் தயங்கித் தயங்கித்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, உள்ளே வியர்த்துக் கொட்டுகிற வெயிலில், மெக்கானிக் கம்பளித் தொப்பியை இரண்டு காதும் மூடும்படி இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். கழற்றச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. மறைக்கிறான் என்றார்கள் சிலர். அந்தக் காது வரவே இல்லை, அந்த வெட்கத்தில்தான் மூடியிருக்கிறான் என்றார்கள் சிலர். அக்கா இரண்டாவதையே நம்பினாள். முன்பைவிட உரக்கப் பாடினாள். மற்றவர்களுக்குத்தான், ஒருவனுக்கு இல்லையென்று ஆகிவிட்டால், தங்களுக்குக் கிடைத்ததும் நிலைக்குமா என்ற பயம் வந்தது. வங்கி மேலாளர் கார்க் கண்ணாடியில் அடிக்கடி காதைப் பார்த்துக்கொண்டார். பால்காரர் தூக்கத்திலும் காதைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார் என்று அவர் மனைவி புலம்பினாள். ஆராதனை முடிந்தால் காபிக்குக்கூட நிற்காமல் எல்லோரும் கலைந்தார்கள்.

இப்படி இருக்கும்போது குளிர்பதனக் கிடங்கில் எல்லாருக்கும் புது அடையாள அட்டை கொடுக்க முடிவு செய்தார்கள். படமெடுக்கும் வேலை அக்காவின் ஸ்டூடியோவுக்கு வந்தது. மெக்கானிக் அங்கேதான் வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. கிடங்கு அலுவலக அறையில் வெள்ளைத் துணியைக் கட்டி, முக்காலி போட்டு, சின்ன பிரிண்டரையும் கத்தரியையும் மேசையில் வைத்தாள். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்ட ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, கழற்றி, உட்கார்ந்து எழுந்து போனார்கள். வாசலில் அவளைப் பார்த்ததும் மெக்கானிக் திரும்பி நடந்தான். சூப்பர்வைசர் தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தார்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னாள், "தொப்பியை எடு. காது தெரியணும்."

"எனக்கு அட்டை வேணாம் மேடம். வேற வேலை பாத்துக்கறேன்."

"தொப்பிக்குள்ள என்னப்பா, புதையலா வச்சிருக்க? எடுய்யா, லாரி நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.

அவன் எடுத்தான்.

அக்கா கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அதே மடிப்பு, அதே குழி. சபையில் அத்தனை பேரிடம் வாராவாரம் பார்த்த காதுதான். ஆனால் அவளுக்கு இப்போது தெரிந்தது பெட்டியை மூடுவதற்கு முன் தொட்ட காது. அவள் கை மேசைக்குப் போய்க் கத்தரியை எடுத்தது. இன்னொரு கை தன் வலது காதைப் பிடித்தது. ஒன்றும் புரியாத சூப்பர்வைசர், மின்விசிறிக் காற்றில் அவள் முடி பறந்து காதில் விழுகிறதென்று நினைத்து அதை நிறுத்தினார்.

மெக்கானிக் முக்காலியை விட்டு அசையவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"நான் இதைக் கேக்கல மேடம். வந்த அன்னிக்கே அறுத்துடலாம்னு பிளேடை எடுத்தேன். என்னோடதா இருந்தா அறுத்திருப்பேன்."

வெளியே லாரிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அக்கா தன் காதின் மடிப்பை விரலால் நீவி நிமிர்த்தினாள். விட்டாள். அது மடங்கிக்கொண்டது. தானும் இதைக் கேட்டு வாங்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தரியைப் பிரிண்டர் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தக் காதை வச்சுக்கிட்டு என்னை மேடம்னு கூப்பிடாதே. நேரா பாரு."

படம் நன்றாகவே வந்தது. கத்தரி அன்றைக்குப் படங்களை மட்டும்தான் வெட்டியது. அவனுடையதில் மட்டும் ஓரம் கொஞ்சம் கோணலாகிவிட்டது. மன்னித்தேன் என்ற சொல்லை அக்கா அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதாகத் தகவல் இல்லை. அடுத்த ஞாயிறு, தனக்கு முன்வரிசையில் வழக்கமாக உட்காரும் பால்காரரைத் தள்ளி உட்காரச் சொன்னாள். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்து, காலியான நாற்காலியைக் கையால் தட்டினாள். மெக்கானிக் எழுந்து வந்து அதில் உட்கார்ந்தான். அவன் இன்றுவரை அங்கேதான் உட்காருகிறான். பிரசங்கம் நீளும்போது அக்காவின் கண் பாஸ்டர் மேல் இருப்பதில்லை. பாஸ்டரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பனிக்காலத்தில் அவன் தொப்பி போட்டுக்கொண்டு வருவான், வலது பக்கத்தை மட்டும் மேலே மடித்துவிட்டபடி.