ஐந்து பேருக்கான தொட்டி

பஸ் ஓட்டுநர் வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஆனால் கொல்லையில் வைத்த உரத் தொட்டியில் தினமும் ஐந்து பேரின் சமையல் கழிவு சேர்ந்தது. தொட்டியைக் குறை சொல்ல முடியாது, பிசகு நடந்தது அதை வாங்கிய கடையில். ஓட்டுநருக்குக் கைப்பிடியைச் சுற்றினால் உருளும் டிரம் மேல் ஒரு கண். ஸ்டியரிங் பிடித்த கை அல்லவா. மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தமும் மற்றதும் பரிசோதிக்கிற அவர் மனைவி, மண்தான் மூச்சு விடும் என்று, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் துளை போட்ட மண் தொட்டியிலேயே நின்றாள். சின்னதில் நிறையத் திணித்தால் நாறும், பெரியதில் கொஞ்சமாகப் போட்டால் சூடேறாமல் அப்படியே கிடக்கும் என்று விளக்கிய கடைக்காரர், "வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டார். "அஞ்சு பேரு" என்றாள். பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு ஊராகப் போய் வருஷக்கணக்காகியும் அவள் வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை. கணவரும் திருத்தவில்லை. பெற்றதைக் கழித்துக் கணக்குச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.

தொட்டி அதை நம்பிவிட்டது. சீக்கிரமே அவர்கள் வாங்காத ஆரஞ்சின் தோல், அறுபடாமல் ஒரே சுருளாக உள்ளே கிடந்தது; பெரியவன் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் உரிப்பான். அப்புறம் முட்டை ஓடுகள், ஒன்றுக்குள் ஒன்று செருகியபடி. அது நடுவுள்ளவள் கை. எலி இழுத்து வந்திருக்கும் என்றார் ஓட்டுநர். "எலி முட்டை ஓட்டை அடுக்கி வைக்குமா? உங்க பொண்ணுதான் வைப்பா" என்றாள் மனைவி. மனிதர் கழிப்பதைப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிப் பழகியவள் அவள். காலையில் குச்சியால் கிளறி, இஞ்சித் தோலாகக் கிடக்கிறது, பெரியவனுக்குச் சளி என்பாள். போனில் கூப்பிட்டால் அவன் தும்முவான். பக்கத்து வீட்டுக்காரிகூட, தன் மகனுடையதும் இதில் வருமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பயம் சின்னவள் பக்கமிருந்து வந்தது. அவள் பங்கில் முதலில் பீன்ஸ் நுனியும் வெங்காயத் தோலும் இருந்தன. பிறகு ரொட்டியின் ஓரம் மட்டும். பிறகு தேயிலைச் சக்கை மட்டும். போனில் என்னவோ கலகலவென்றுதான் பேசினாள். "சாப்பிட்டியாடி?" என்று அம்மா கேட்டால், "சாப்பிட்டேம்மா, காயெல்லாம் போட்டு சமைச்சேன்" என்பாள். உன் குப்பையை நான் பார்க்கிறேன் என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது?  ஆய்வகத்தில் அம்மா கண்ணாடித் தகட்டைக் கையில் எடுத்துவிட்டு எதைப் பார்க்க எடுத்தோம் என்று விழித்தாள். ஒரு நாள் தேயிலையும் வரவில்லை. மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள், அடித்தொட்டி வரை கையால் துழாவினாள். சுருள் இருந்தது, ஓடு இருந்தது, சின்னவள் இருந்த சுவடே இல்லை. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. "நான் கிளம்புறேன்" என்றாள். ஓட்டுநருக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. அவளை மட்டும் வெளியூர் பஸ்ஸில் ஏற்றி, ஓட்டுகிறவரிடம் பார்த்துப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தனியாக அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எலி என்று சொன்ன வாய்தான். ஆனால் விடிந்ததும் கால் கொல்லைக்குத்தான் போனது. மலை வளைவில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற மனிதருக்கு ஒரு மண் மூடியைத் தூக்க பயமாக இருந்தது. தூக்கினார். வெங்காயத் தோல், பூண்டுத் தோல், கேரட் காம்பு. அவற்றின் மேல், மென்று ஒதுக்கிய தக்காளித் தோல்கள், ஈரம் காயாமல். தக்காளித் தோலை விழுங்க மாட்டேன் என்று குழந்தையிலிருந்து அடம்பிடிப்பவள் அந்த வீட்டில் ஒருத்திதான். அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார்.

சற்றைக்கெல்லாம் மனைவி போனில் கூப்பிட்டாள். "வேலை போயி மாசக்கணக்காச்சாம், சொல்ல வெக்கமாம். காய்ச்சல்ல சுருண்டு கெடந்தா. இப்பதான்..."

"சாப்பிட்டா, தெரியும்" என்றார். "கேரட்டை இப்படியா வெட்டுறது? பாதிக் கேரட்டு இங்க கெடக்கு."

"அவ பசிக்கு அவசரமா நாந்தாங்க வெட்டினேன்" என்றாள் அவள்.

அவர் காய்ந்த இலையை இரண்டு கை அள்ளிப் போட்டு, தொட்டியை மூடிவிட்டு வேலைக்குப் போனார்.