முதலிடத்தில் ஹம்ஸினி

ஜெனரல் பஜாரில் எங்கள் ஜவுளிக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. விலைபோகாத புடவையைத்தான் வாசல் பொம்மைக்குக் கட்டுவோம். மாரெட்பள்ளியில் தனியாகக் கேசட் கடை போட்டபோது அந்தப் புத்தியையும் கூடவே கொண்டுவந்தேன். வாரந்தோறும் வாசல் கரும்பலகையில் 'டாப் டென்' எழுதுவேன். ஓடுகிற ஆல்பத்துக்கு என் தயவு எதற்கு? முதலிடம், பெட்டியில் தூங்கும் சரக்குக்கு.

தொண்ணூற்றொன்பதில் அப்படித்தான் ஹம்ஸினி என்கிற புதுப் பாடகியின் பாப் ஆல்பம் வாராவாரம் நம்பர் ஒன். ஒரு கேசட்கூடப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணே வந்து நின்றாள், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து, அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு.

"பாருங்கப்பா, நம்பர் ஒன்! நான் பொய்யா சொன்னேன்?" என்னிடம் திரும்பினாள். "அங்கிள், ஆல்பம் ஓடலேன்னா பாட்டை விட்டுட்டு நாளைக்கே அமீர்பேட்டைல கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேரணுமாம். நீங்களே சொல்லுங்க இவர்கிட்ட!"

கழுதையையே குதிரை என்று விற்றுவிடக்கூடிய நான் அன்றைக்கு ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

அவள் அப்பா ஜகதீசன் பலகையைப் படித்தார். பிறகு என் முகத்தைப் படித்தார்.

"எதிர் இரானி ஹோட்டல்ல பிஸ்கட் வாங்கிட்டு வாம்மா" என்று மகளை அனுப்பிவிட்டுக் கிட்டே வந்தார். "என் மாமனாருக்கு ஜெனரல் பஜார்ல துணிக்கடை. விக்காத புடவையைத்தான் வாசல் பொம்மைக்குக் கட்டுவார். எம் பொண்ணைப் பொம்மைக்குக் கட்டிட்டீங்க, இல்ல?"

"ஹவ் சார், ஆமா."

"கைக்கு? ஏன், பாட்டு அவ்வளவு மோசமா?"

"தெரியாது சார். நான் கேக்கல."

சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினார். "நானும்தான் கேக்கல. போடுங்க."

முதல் பாட்டில் ஒரே டிரம்ஸ் இரைச்சல். இரண்டாவதில் குரல் தனியாக எழுந்து, யாரையும் கேட்காமல் மேலே போனது. மேஜைக் கண்ணாடிமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஜகதீசனின் விரல் நின்றுவிட்டது. நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும்.

படியில் ஹம்ஸினி, பிஸ்கட் பொட்டலத்தோடு.

"ஒண்ணுகூட விக்கலம்மா" என்றார் அவர். "விக்காததைத்தான் இவர் முதல்ல எழுதறாரு."

"நிஜமாவா அங்கிள்?"

தலையாட்டினேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்போ நாளைக்கு கோர்ஸ்" என்றாள்.

"நக்கோ, வேணாம்" என்றார் ஜகதீசன். "கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிடாது. அந்த ரெண்டாவது பாட்டுல மேல போறியே, அது எங்கேர்ந்து வந்தது? எனக்கு வராது. உங்கம்மா பாடினா பால்காரனே வரமாட்டான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் இரண்டு கேசட் வேண்டும் என்றார். விலையைக் குறைக்கப் போனேன், "எம் பொண்ணு பாட்டைக் குறைச்சா விப்பீங்க?" என்று முழுவிலையைக் கையில் திணித்தார். பேரம் பேசியே வளர்ந்தவன் நான். யாருக்கும் சட்டென்று நன்றி சொல்லிப் பழக்கமில்லை. மகள் எதிரில் கத்தித் திட்டி என்னை நாறடித்திருக்கலாம், செய்யவில்லை. அதற்காக அன்றைக்கு மனசாரச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். "பிஸ்கட்டை எடுத்துக்குங்க. எடுத்துட்டு, கேசட்டைத் திருப்பிப் போடுங்க. இன்னொரு பக்கம் இருக்குல்ல?"